பிஷப் மேடையை விட்டு இறங்கின ஞாயிறு

கிட்ட வந்து உட்காருங்கள். கடைசி பெஞ்சில் இருந்தால் பாதிதான் காதில் விழும். மீதியை நீங்களாகச் சேர்த்துக்கொண்டு போய் ஊரெல்லாம் சொல்லிவிடுவீர்கள். ஆர்வில் சோரன்சன் பிஷப் வேலையிலிருந்து இறங்கின கதை ஏற்கெனவே எங்கள் ஆல்டர் க்ரீக்கில் நாலு விதமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் சொல்வது நடந்தது. அன்றைக்கு நான் நாலாவது பெஞ்சில் இருந்தேன். அவன் குடும்பம் மூன்றாவது பெஞ்சில். அவர்கள் வீட்டு இரட்டைப் பெண்கள் எறிந்த கார்ன்ஃப்ளேக்ஸ் என் தலையில்.

பிஷப் என்றதும் உயரத் தொப்பியும் செங்கோலும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் சபையில் பிஷப்புக்குத் தொப்பி கிடையாது, சம்பளம் கிடையாது, "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் வழக்கமும் கிடையாது. பத்துச் சபைகளுக்கு மேலே ஒரு தலைவர் உண்டு. அவர் ஒருநாள் போன் பண்ணுவார். நேற்று வரை உருளைக்கிழங்கு தோண்டினவன் இன்றைக்கு பிஷப். ஐந்தாறு வருஷம் கழித்து இன்னொரு கிழங்குக்காரனைப் பிடித்துப் போட்டுவிட்டு, இவன் கையைக் குலுக்கி, "வீட்டுக்குப் போ" என்பார்கள்.

ஆர்வில் ஆறு வருஷம் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பனியில் புதைந்த டிராக்டரை இழுத்து விட்டான். சண்டை போட்ட அண்ணன் தம்பிகளை ஒரே மேஜையில் உட்கார வைத்தான். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நின்றான். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும்.

ஆனால் அவனுக்கு ஒரு ரகசியம் இருந்தது. மேடையில் பிஷப்புக்குப் போட்டிருக்கும் நாற்காலி மேல் அவனுக்குக் காதல்.

காதல் வராமல் என்ன செய்யும்? மெத்தை வைத்த நாற்காலி. இரண்டு பக்கமும் கைப்பிடி. அதில் உட்கார்ந்தால் யாரும் மடியில் ஏற மாட்டார்கள், முழங்காலில் மூக்கைத் துடைக்க மாட்டார்கள், "அப்பா, ஒண்ணுக்கு" என்று மூன்றாவது தடவை காதில் சொல்ல மாட்டார்கள். கீழே மூன்றாவது பெஞ்சில் மார்வா, அவன் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு தனி ஆளாய் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். ஆர்வில் மேலே இருந்தபடியே குடும்பம் நடத்துவான். எப்படி என்றால், புருவத்தால். இடது புருவம் கொஞ்சம் உயர்ந்தால் "சத்தம் அதிகம்" என்று அர்த்தம். முழுக்க உயர்ந்தால் "வெளியே தூக்கிக்கொண்டு போ". மார்வா தூக்கிக்கொண்டு போவாள். கடைக்குட்டி இரட்டைகள் டாலிக்கும் டெஸ்ஸுக்கும் நாலு வயது. அவர்கள் பிறந்ததிலிருந்து மார்வா ஒரு பிரசங்கத்தையும் முடிவு வரை கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே மேடையில் நின்றவள் மார்வா. எங்கள் சபைக்குப் பாட்டு நடத்தினவள். அவள் கை உயர்ந்தால் கிழங்கு மூட்டை தூக்குகிற ஆம்பிளைகள்கூடத் தாளம் தப்பாமல் பாடுவார்கள். ஆர்வில் பிஷப் ஆனதும், அப்பா அம்மா இருவரும் மேலே இருந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்த ஞாயிறு அவன் ஏறினான், அவள் இறங்கினாள். நடுவழியில் பிள்ளைகள் பையை அவள் கையில் கொடுத்து, "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றான்.

அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருஷம் ஆயிற்று.

இந்த அக்டோபரில், கிழங்கு தோண்டி முடித்த வாரம், தலைவர் ஹாட்ச் போன் பண்ணினார். மாதக் கடைசி ஞாயிறு உனக்கு விடுதலை, யாரிடமும் சொல்லாதே என்றார். எங்கள் ஊரில் ரகசியம் என்றால் ரகசியம்தான். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேருக்கு மேல் தெரியாது.

"என்ன பிஷப், இனிமே சந்தோஷம்தான?" என்று பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைச் சிமிட்டினார்கள்.

"ஆமா, என் பிள்ளைங்களோட பெஞ்சுல உக்காரணும். அதுக்குத்தான் ஏங்கிட்டு இருக்கேன்" என்று ஆர்வில் நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். கைக்கு அடியில் நெஞ்சு அந்த மெத்தை நாற்காலிக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தது.

அதனால் ஒரு திட்டம் போட்டான்.

மேடையில் மெத்தை வைத்த நாற்காலி இன்னொன்று உண்டு. ஆர்கன் பெட்டிக்குப் பக்கத்தில், பாட்டு நடத்துகிறவர் உட்காருவது. மார்வாவுக்கு அப்புறம் அங்கே இருந்த சகோதரி வெல்டா மூன்று மாதத்துக்கு முன்னால் மகள் வீட்டோடு போய்சி நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். நாற்காலி காலி. ஆள் போட வேண்டியது பிஷப். பிஷப் போடவில்லை.

ஆர்கன் வாசிக்கிற சகோதரி ஐவாவுக்குப் பொறுக்கவில்லை. எழுபத்தெட்டு வயது, விரல் இன்னும் எலி மாதிரி ஓடும், வாய் அதைவிட.

"பிஷப், நான் ஒரு பக்கம் வாசிக்கிறேன், சனம் ஒரு பக்கம் பாடுது. ஆமென்லகூட ரெண்டும் சந்திக்க மாட்டேங்குது. ஆளப் போடுங்க."

"ஜெபம் பண்ணிட்டு இருக்கேன் சகோதரி. இன்னும் ஒரு பேரும் மனசுல வரல."

"மூணு மாசமாவா? வானத்தையும் பூமியையும் படைச்சதே ஆறு நாள்லதான்."

மனசில் பேர் வராமல் இல்லை. ஹாட்ச் போன் பண்ணின அன்றைக்கே வந்துவிட்டது: ஆர்வில் சோரன்சன். பிஷப்பாக இருக்கும்போதே தன்னைத் தானே போட்டுக்கொண்டால் ஊர் சிரிக்கும். இறங்குகிற அன்றைக்கு ஹாட்ச் கையால் அந்தப் பதவி விழ வேண்டும். ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து நாலடி தள்ளி இன்னொரு நாற்காலி. பெஞ்சு பக்கமே போக வேண்டாம்.

பாட்டு நடத்த என்ன தெரிய வேண்டும், கையை ஆட்டத் தெரிந்தால் போதாதா என்று நினைத்தான். மாட்டுக்கொட்டகையில் பயிற்சி ஆரம்பித்தது. கீழே, குறுக்கே, மேலே. கீழே, குறுக்கே, மேலே. வெறும் கையால் ஆட்டினால் பிடிமானம் இல்லை என்று சமையலறையிலிருந்து மார்வாவின் மரக்கரண்டியை எடுத்துக்கொண்டான். ஆறு பசுக்களும் அசை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. சினையாக இருந்த ஒன்று எழுந்து வெளியே போய்விட்டது.

நாலாம் நாள் வாசலில் மார்வா நின்றாள்.

"கரண்டிய மூணு நாளா தேடறேன்."

"இதுவா? ஈ ஓட்டிட்டு இருந்தேன்."

"அக்டோபர்ல ஏது ஈ? அதுவும் மூணு தட்டுத் தாளத்துல வர்ற ஈ?"

ஆர்வில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தான். ஆறு வருஷம் ஊர்ப் பாவத்தையெல்லாம் கேட்டவனுக்குச் சொந்தப் பாவத்தைச் சொல்லத் தெரியவில்லை. திக்கித் திணறி எல்லாவற்றையும் கக்கினான்.

"பாட்டு நடத்தப் போறியா?"

"ஆமா. சபைக்கு ஒரு உதவிதான."

"அப்ப பெஞ்சுல யாரு?"

"நீதான் இருக்கியே. உனக்குத்தான் பழகிப் போச்சே மார்வா. எனக்கு அந்த நெளிவு சுளிவெல்லாம் தெரியாது."

மார்வா கரண்டியை வாங்கி, சமையலுக்குக் கட்டின முன்துணியில் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்தாள். திருப்பி மறுபக்கம் துடைத்தாள். ஒரு பசு இருமியது.

கோபம் வந்தால் அவள் அவனை "பிஷப்" என்று கூப்பிடுவாள். வீட்டில் அந்தச் சொல் விழுந்தால் பிள்ளைகள் மாடிக்கு ஓடிவிடுவார்கள். அன்றைக்கு அவள், "சரி ஆர்வில். நல்ல யோசனைதான்" என்றாள். அவனுக்கு உயிர் வந்தது. "பிஷப்" என்று கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பான்.

அன்று சாயங்காலம் அவள் கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டாள். "ஹாட்ச் திரும்ப போன் பண்ணி யோசனை கேப்பாரு இல்ல? பாட்டு வேலைக்கு யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"என்னைப் போடுங்கன்னு."

"நல்லாருக்கு. இறங்கற பிஷப் பதவி கேட்டான்னு பத்துச் சபைக்கும் போய்ச் சேரும்."

"பின்ன?"

"பேரே சொல்லாத. 'என் வீட்டுக்குள்ளயே ஒரு ஆள் இருக்கு. அந்தத் திறமை ஆறு வருஷமா மூடிக் கிடக்கு. என் வாயால பேர் சொல்லக் கூச்சமா இருக்கு, நீங்களே புரிஞ்சுக்கங்க'ன்னு சொல்லு."

ஆர்வில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ருசியாக இருந்தது. ஆறு வருஷமாக மூடிக் கிடக்கும் திறமை. தனக்குள் இப்படி ஒன்று கிடந்தது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"மூடிக் கிடக்குன்னு சொல்றப்ப குரல் இறங்கணும்."

"மூடிக் கிடக்கு... இப்படியா?"

"மாடு காணாமப் போன மாதிரி இருக்கு. பரவால்ல, அதுவும் நல்லாத்தான் இருக்கு. அப்புறம், அவரு வேலைய விளக்க ஆரம்பிச்சா விடாத. என்ன வேலைன்னு கேக்காமலே சரின்னு சொல்லணும். மத்தவங்களுக்கு நீ அதைத்தான சொல்லிக் குடுத்த?"

ஆர்வில் அவளை நன்றியோடு பார்த்தான். இப்படி ஒரு மனைவி கிடைக்க என்ன புண்ணியம் பண்ணினோம் என்று நினைத்தான். கிழங்குத் தோல் அறாமல் ஒரே நாடாவாக மேஜையிலிருந்து தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஹாட்ச் போன் பண்ணினார். ஆர்வில் எழுந்து நின்று பேசினான். வீட்டுக்குள்ளேயே ஒரு ஆள் என்றான். மூடிக் கிடக்கு என்ற இடத்தில் குரல் தானாகவே உடைந்தது; தன்மேலேயே அவனுக்கு அவ்வளவு இரக்கம். அந்தப் பக்கம் யாரோ மூக்குச் சிந்துகிற சத்தம்.

"ஆர்வில்," என்றார் ஹாட்ச், "எத்தனையோ புருஷன்மாரைப் பாத்திருக்கேன். உன்ன மாதிரி ஒருத்தனப் பாத்ததில்ல."

புருஷன் எங்கிருந்து வந்தான் என்று ஆர்விலுக்கு ஒரு நொடி இடித்தது. ஆனால் புகழ்ச்சி, வாங்கி வைத்துக்கொண்டான்.

"அப்ப நான் வெளிப்படையாவே சொல்லிடறேன், அந்த வேலைக்கு..."

"வேண்டாம் தலைவரே. சொல்லவே வேண்டாம். எதுவா இருந்தாலும் இந்த வீடு சரின்னுதான் சொல்லும்."

"கடவுள் உன்ன ஆசீர்வதிக்கட்டும். போனை மார்வாகிட்ட குடு."

ஆர்வில் சிரித்துக்கொண்டே கொடுத்தான். எங்கள் சபை வழக்கம் அவனுக்குத் தெரியாதா? புருஷனுக்குப் பொறுப்புக் கொடுத்தால் மனைவியையும் ஒரு வார்த்தை கேட்பார்கள். மனைவிக்குக் கொடுத்தால் புருஷனை.

"சொல்லுங்க தலைவரே" என்றாள் மார்வா. "ஆமா... சரி... ரொம்ப சந்தோஷமா... அவருக்கு முழுச் சம்மதம்தான், இப்பதான உங்ககிட்டயே சொன்னாரு."

போனை வைத்தாள்.

"என்ன கேட்டாரு?"

"சந்தோஷமான்னு கேட்டாரு. சந்தோஷம்னேன்."

கவனியுங்கள், அவள் ஒரு பொய் சொல்லவில்லை. எங்கள் சபையில் பொய் ஆகாது.

அந்த ஞாயிறு வந்தது. ஆர்வில் முடி வெட்டி, புது டை கட்டி, மூன்று பாட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தான். மார்வா கரும்பச்சை கவுன் போட்டுக்கொண்டு படி இறங்கி வந்தாள். அதை அவன் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"அட, எனக்கு விடை குடுக்கவா இந்த அலங்காரம்?"

"உனக்காகத்தான்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் பையில் இன்னொரு டப்பா கார்ன்ஃப்ளேக்ஸை அமுக்கினாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. பக்கத்து அறையில் கூட்டம் முடிந்ததும் சாப்பிட வேண்டிய சீஸ் போட்ட கிழங்கு அடுப்பில் சூடாகி, பிரசங்க மேடை வரைக்கும் மணந்தது. ஹாட்ச் எழுந்தார். பிஷப் ஆர்விலுக்கு விடுதலை, நன்றி சொல்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். கூடம் முழுக்கக் கை. புது பிஷப் பக்கத்துப் பண்ணை லெக்ராண்ட் என்றார். மறுபடி கை. லெக்ராண்ட் மேடைக்கு நடந்தான். அவன் மனைவி பெஞ்சில் தன் பிள்ளைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆர்விலை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவன் இருபது நிமிஷம் பேசினான்.

"இந்த ஆறு வருஷமும் இங்க உக்காந்து நான் பாத்துட்டு இருந்தது ஒரே ஒரு எடம்தான். அந்த மூணாவது பெஞ்சு" என்று கை நீட்டினான். "அங்க போய் என் குழந்தைங்களோட உக்கார மாட்டமான்னு ஏங்கின ஏக்கம் எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்."

பெண்கள் கைக்குட்டை எடுத்தார்கள். இந்த இடத்தில் நானும் எடுத்தேன், மறைப்பானேன்.

அவன் போய் மெத்தையில் உட்கார்ந்தான். ஹாட்ச் மறுபடி எழுந்தார்.

"இன்னும் ஒரு பேர் பாக்கி இருக்கு. இந்தச் சபைக்குப் பாட்டு நடத்த."

ஆர்வில் டையைச் சரி செய்தான். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். பேர் வாசிக்கப் போகிறார்கள் என்றாலே வலது கை தானாக மேலே கிளம்பிவிடும். யார் பேர் என்று காது அப்புறம் கேட்டுக்கொள்ளும். ஆறு வருஷப் பழக்கத்தில் ஆர்விலின் கை கிளம்பியது. தனக்கே தான் கை தூக்கக் கூடாது என்று பாதியில் நினைவு வந்தது. கை கேட்கவில்லை.

"இறங்கிப் போற ஒரு பிஷப் தனக்குன்னு எதையாவது கேப்பான். இவர் ஒண்ணும் கேக்கல" என்றார் ஹாட்ச். "தன் மனைவியோட திறமை ஆறு வருஷமா மூடிக் கிடக்குன்னு சொல்லி என்கிட்ட போன்ல அழுதாரு. தான் ஏங்கின பெஞ்சுல தான் உக்காந்து பிள்ளைங்களப் பாத்துக்கிறேன், அவ மேல வரட்டும்னு நினைச்ச மனுஷன் இவரு. சகோதரி மார்வா சோரன்சன். ஆதரிக்கிறவங்க கை தூக்கிக் காட்டுங்க."

கூடத்திலேயே முதலில் உயர்ந்து நின்ற கை ஆர்விலின் கை. அதைப் பார்த்துதான் மற்றவர்கள் தூக்கினார்கள்.

"யாருக்காவது எதிர்ப்பு?"

நாற்பது வருஷத்தில் எங்கள் சபையில் அதற்கு ஒரு கை எழுந்ததில்லை. ஆர்விலுக்கு எழுப்ப இன்னொரு கை இருந்தது. ஆனால் முந்நூறு பேர் ஈரக் கண்ணோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியின் கைப்பிடியை அவன் ஒருமுறை தடவிக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

எழுந்தான். மேடைப் படியில் இறங்கினான். அதே நேரத்தில் மூன்றாவது பெஞ்சிலிருந்து கரும்பச்சை கவுன் எழுந்தது. நடுவழியில் இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

"இதை யோசிக்க எத்தனை நாள் ஆச்சு உனக்கு?" என்றான் ஆர்வில், உதடு அசையாமல்.

"ஆறு வருஷம்" என்றாள் மார்வா.

பையைத் திறந்து மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு, பையை அவன் கையில் கொடுத்தாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்."

ஊர் கைதட்டியது. எங்கள் சபையில் கைதட்டக் கூடாது. அன்றைக்குத் தட்டிவிட்டோம்.

ஆர்வில் பெஞ்சில் உட்கார்ந்தான். டாலியும் டெஸ்ஸும் அவனை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, உன் எடம் அங்க இல்ல?" என்றாள் டாலி.

"இனிமே இதுதாம்மா."

"அப்ப மடில ஏறலாமா?"

பதிலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

மேடையில் மார்வா முதுகை நிமிர்த்தி நின்றாள். சகோதரி ஐவா ஆர்கனில் கை வைத்துக்கொண்டு, சர்க்கரை டப்பா திறந்த குழந்தை மாதிரி சிரித்தாள். மரக்கரண்டி மேலே போயிற்று. கீழே வந்தது. மூன்று மாதமாய்த் தனித்தனியே அலைந்த ஆர்கனும் சனமும் முதல் எழுத்திலேயே சேர்ந்தன. அப்படி ஒரு பாட்டு. ஆம்பிளைகள் அடித்தொண்டையில் பாடினார்கள். பெண்கள் பாடினது அதைவிடப் பெரிசு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றே வருஷம் கழித்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு பாட்டில் தொண்டையைத் திறந்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மார்வாவின் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்து வயது குறைந்து போயிருந்தது.

இரண்டாவது சரணத்தில் டாலி டப்பாவைத் திறந்தாள். டெஸ் அதைப் பிடுங்கினாள். கார்ன்ஃப்ளேக்ஸ் பறந்து பாதி ஆர்விலின் புது டையிலும் பாதி என் தலையிலும் விழுந்தது. இரண்டு பேரும் வாயைத் திறந்து வீறிட்டார்கள். ஆர்வில் ஒருத்தியின் வாயைப் பொத்தினான். மற்றவள் அவன் விரலைக் கடித்தாள். அவன் பயந்துபோய், உதவி கேட்கிறவன் மாதிரி மேடையைப் பார்த்தான்.

மார்வா தாளம் தப்பவில்லை. கீழே, குறுக்கே, மேலே. பாடிக்கொண்டே அவனை ஒரு பார்வை பார்த்தாள். கரண்டியின் நுனி ஒரே ஒரு தட்டுக்கு வாசல் பக்கம் திரும்பியது. இடது புருவம் முழுக்க உயர்ந்தது.